நூதனசாலைக்குப் போய்வந்தோம், இப்போது அப்பாவின் லாச்சியை என்ன செய்வது?

உப்புவெளிக்காரன் | ஞாயிறு இரவு 9.40

வணக்கம் உறவுகளே. போன புதன்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு திருகோணமலை கடல்சார் நூதனசாலைக்குப் போனேன். டச்சுக்காரர் காலத்தில் கடற்படை ஆணையாளர் இருந்த வீடு என்பார்களே, அதைத் திருத்தி 2013 இல் நூதனசாலையாகத் திறந்தார்கள், அதுதான். அப்பாவுக்கு எண்பது வயது. சந்தைக்குப் பக்கத்தில் நாற்பத்தைந்து வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அந்தக் கட்டிடத்தை வெளியில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

போனதும் அவர் பலகைகளை வாசிக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். யன்னலடிக்குப் போய், சுவரின் தடிப்பை முழங்கையை வைத்து அளந்தார். "இந்தத் தடிப்பு இருக்கிறபடியால்தான் உள்ளுக்கு வெக்கை இல்லை" என்றார். பிறகு ஒவ்வொரு அறையாக நின்று நின்று பார்த்தார். கடைசியில் அங்கே வேலை செய்யும் ஒரு தம்பியைக் கூப்பிட்டு, "தம்பி, ஆர் ஆர் கப்பலில வந்தவை, ஆரோட ஆர் சண்டை பிடிச்சவை எண்டெல்லாம் விளங்குது. அந்தக் கப்பல்காரருக்கு அரிசியும் வெங்காயமும் குடுத்தது ஆர்?" என்று கேட்டார். அந்தத் தம்பி ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, "அதை நீங்கள்தான் ஐயா சொல்லவேணும்" என்றார். அப்பா அரை மணித்தியாலம் இருந்து கதைத்தார். 1957 இல் பிரிட்டிஷ் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அவருடைய அப்பா, அதாவது என் அப்பப்பா, அப்போது கடையில் இருந்தார். தளத்துக்குச் சாமான் போவது நின்றதும் சந்தையே கொஞ்ச நாள் செத்துக் கிடந்ததாம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. கடையை மூடி இரண்டு வருடமாகிறது. அடுத்த மாதம் அந்த அறையை ஒரு கைபேசிக் கடைக்குக் கொடுக்கிறோம். கடை மேசையைத் தச்சர் ஒருவர் பலகைக்காகக் கேட்டிருக்கிறார். மேசையின் லாச்சி, அதாவது இழுப்பறை, பலாப்பலகையில் செய்தது. காசு போட ஆறு குழி குடைந்திருக்கிறார்கள். வலப்பக்கத்துக் கடைசிக் குழியின் விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்து, ஒருபக்கம் சரிந்து போயிருக்கிறது. அதுதான் சில்லறைக் குழி. மூன்று தலைமுறை விரல் பட்டுத் தேய்ந்தது.

அந்தக் குழிக்குள் துணியில் சுற்றி ஒரு செப்புக்காசு இருக்கிறது. பூட்டன் வைத்த ராசிக்காசு என்பார்கள். என் பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கத்தில் பெரிய 'வி' எழுத்து, அதன் இரண்டு கையிலும் 'ஓ'வும் 'சி'யும் கோத்தபடி. கீழே 1790 என்று வாசிக்க முடிகிறது. மறுபக்கத்தில் ஒரு கேடயம்.

லாச்சியையும் காசையும் நூதனசாலைக்குக் கொடுக்கலாமா, வீட்டிலேயே வைத்திருக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டையடி | ஞாயிறு இரவு 10.25

முதலில் ஒன்று. அந்தக் காசைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். எலுமிச்சையும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். அந்தக் கருமைதான் அதன் தோல். அதை உரித்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

அது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் காசு. டச்சு மொழியில் அதை டொயிட் என்பார்கள். நாங்கள் 'துட்டு' என்று சொல்வது அதுதான். கம்பனிக்காக ஹொலண்ட், சீலண்ட், உட்ரெக்ட் என்று நெதர்லாந்தின் வெவ்வேறு மாகாணங்களில் அடித்தார்கள். கேடயத்தைப் பார்த்து எந்த மாகாணம் என்று கண்டுபிடிக்கலாம். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். இந்த ரகக் காசு இலங்கையில் நிறையவே புழங்கியது. விலை பெரிதாக வராது.

ஆனால் அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1782 தை மாதம் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே வருடம் ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அதை அவர்களிடமிருந்து பறித்தார். சண்டை ஓய்ந்த பிறகு திரும்பவும் டச்சுக்காரர் கையில். 1795 இல் மறுபடி ஆங்கிலேயர், இந்தமுறை நிரந்தரமாக. 1803 இல்தான் கோட்டைக்கு பிரெட்ரிக் என்று பெயர் வைத்தார்கள். அதாவது உங்கள் காசு அடிக்கப்பட்டு ஐந்து வருடத்தில் அதை அடித்தவர்கள் இங்கே இல்லை. காசு மட்டும் சந்தையில் தங்கிவிட்டது.

சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்கிறது. கண்டி ஒப்பந்தம் நடந்த நாள் அது. காசு அதற்குள் வருகிறது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஆசைக்கு அனுப்பிவிடாதீர்கள், அனுமதி வேண்டும்.

நிலாவெளி ரீச்சர் | திங்கள் காலை 6.15

உங்கள் அப்பா கேட்ட கேள்வியை என் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்றைக்கே கேட்கப் போகிறேன்.

நான் வருடத்தில் ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கூட்டிப்போகிறேன். ஆனால் நூதனசாலையில் தொடங்குவதில்லை. காலை ஏழு மணிக்குக் கோட்டை வாசல். வாசல் கல்லில் "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியை, பின்னே பறங்கி பிரிக்கவே" என்று தொடங்கும் எழுத்து இருக்கிறது. பக்கத்தில் பாண்டியரின் இரட்டைக் கயல். நேரே நின்று பார்த்தால் வெறும் சொரசொரப்பான கல்தான் தெரியும். கைபேசி வெளிச்சத்தைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். போன வருடம் ஒரு பிள்ளை "ரீச்சர், 'மு' வந்திட்டுது" என்று கத்தினாள். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பிப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எதுவும் கூடாது. வெளிச்சம் போதும்.

குளக்கோட்டன் மன்னன் திருப்பணி செய்த கோணேசர் கோயிலைப் பறங்கி, அதாவது போர்த்துக்கீசர், பிரித்தது 1622 இல். அந்தக் கோயில் கற்களைக் கொண்டு 1624 இல் கோட்டை கட்டினார்கள். கோயிலின் கல்லே கோயிலின் அழிவைப் பற்றிய எழுத்தைச் சுமந்துகொண்டு கோட்டை வாசலில் நிற்கிறது. பாடப்புத்தகத்தில் நான் பத்து நாள் படிப்பிப்பதை அந்தக் கல் பத்து நிமிடத்தில் விளங்கவைக்கிறது.

அப்புறம் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலை. பிரான்சினா வான் ரீட் என்ற டச்சுப் பெண்ணின் பெயரும் 1687 என்ற வருடமும் பொறித்த தூணைப் பற்றிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை, காதலன் கப்பலேறிப் போனதும் அவள் கடலில் குதித்தாள் என்பது. டச்சுப் பதிவுகளின்படி அவள் அதன்பிறகும் உயிரோடு இருந்து கலியாணமும் செய்திருக்கிறாள். அந்தத் தூணும் பழைய கோயில் தூண் என்றே சொல்கிறார்கள். இதைச் சொன்னதும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிப்பார்கள். அந்தச் சூட்டோடு நூதனசாலைக்குள் போனால் ஒவ்வொரு பலகையையும் கேள்வியோடு வாசிக்கிறார்கள். நேரே போனால் அரை மணித்தியாலத்தில் தண்ணீர் கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

லாச்சி விஷயம்: கொடுப்பது பிறகு. முதலில் அப்பாவின் குரலைப் பதிவு செய்யுங்கள். லாச்சி இன்னும் ஐம்பது வருடம் இருக்கும்.

மூதூர் கடலோரம் | திங்கள் மதியம் 1.05

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். உப்புவெளிக்காரன் தம்பி, கடை சந்தைக்கு எந்தப் பக்கம்? காரணத்தோடுதான் கேட்கிறேன்.

எங்கள் வாப்பா மூதூரிலிருந்து லோஞ்சில், அதாவது இயந்திரப் படகில், திருகோணமலைக்குச் சாமான் எடுக்கப் போவார். இப்போது உள்ள பிள்ளைகளுக்கு அது விளங்காது. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்து, மற்றத் துறைகளுக்கும் பாலம் வரும்வரை தரைவழியாகப் போவதென்றால் பாதை ஏற வேண்டும். பாதை என்றால் ரோட்டு இல்லை, வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று வரிசையாக நாலு துறை. ஒவ்வொன்றிலும் காத்துக்கிடக்க வேண்டும். அதனால் லோஞ்ச்தான் எங்களுக்கு வசதி. காலையில் நெல்லு, எருமைத்தயிர்ச் சட்டி, கருவாடு ஏறும். பின்னேரம் சீனி, மாவு, மண்ணெண்ணெய், துணி இறங்கும். கடல் கொந்தளிக்கிற நாளில் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

கப்பல்காரருக்கு அரிசி கொடுத்தது யார் என்று உங்கள் அப்பா கேட்டாரே, எங்கள் கொட்டியாரத்து வயல்தான் கொடுத்தது. இன்னொன்றும் சொல்கிறேன். ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் தகப்பனோடு வந்த கப்பல் பாய்மரம் முறிந்து 1659 இல் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 சித்திரையில் கண்டி அரசனின் ஆட்கள் அவர்களைப் பிடித்தார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது வருடம் கழித்து 1679 இல்தான் தப்பினார். வெள்ளைக்காரன் மரம் என்று மூதூரில் ஒரு புளியமரத்தடியைக் காட்டுவார்கள். நாங்கள் சின்ன வயதில் அங்கே புளி பொறுக்கியிருக்கிறோம்.

நான் கேட்க வந்தது: உங்கள் கடையில் கடன் கொப்பி இருந்ததா? வாப்பா வேளாண்மை வெட்டினதும் வந்து கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு சாமான் எடுப்பார். எந்தக் கடை என்று எனக்குத் தெரியாது, நான் அப்போது சின்னப் பிள்ளை.

கந்தளாய்ப் பெடியன் | திங்கள் பின்னேரம் 5.30

நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். லாச்சியைக் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் அது யாருடையது என்பது மறைந்துபோகும். "பழங்காலப் பணப்பெட்டி" என்று ஒரு வரி எழுதி ஒட்டுவார்கள். தேய்ந்த சில்லறைக் குழி பற்றி யார் எழுதப்போகிறார்கள்?

எங்கள் மாவட்டத்தின் பெரிய சாமான்கள் எல்லாம் வெளியில்தான் கிடக்கின்றன. பெரியகுளத்தடியில் ராஜராஜப் பெரும்பள்ளி, இன்றைக்கு வெல்கம் விகாரை என்கிறோம். அங்கே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. சைவச் சோழர் காலத்தில் தமிழில் எழுதிவைத்துக் கொடை கொடுத்த பௌத்தப் பள்ளி அது. திரியாயில் பல்லவ கிரந்தத்தில் ஒரு பாறை எழுத்து, வணிகரைப் பற்றியது. இவற்றை வெயிலில் நின்று பார்த்தால்தான் இந்த ஊர் எத்தனை பேர் போய்வந்த இடம் என்று விளங்கும். எனக்கு இந்த மாவட்டம் முழுவதும்தான் நூதனசாலை.

நிலாவெளி ரீச்சர் | திங்கள் இரவு 8.10

தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோணேசர் கோயில் சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் பார்வதியும் 1950 இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து வந்தவர்கள். அவர்களைக் கண்ணாடிக்குள் வைக்கவில்லை, பூசைக்கு வைத்தோம். 1963 இல் கும்பாபிஷேகம் நடந்தது. அதுதான் சரி என்று நானும் நினைக்கிறேன்.

ஆனால் கடை லாச்சிக்குப் பூசை செய்ய ஆள் இல்லையே. தச்சர் கையில் அது அடுத்த மாதம் வெறும் பலகையாகிவிடும். வெளியில் கிடக்கும் கல் மழையைத் தாங்கும், பலாப்பலகையைச் செல் அரித்துவிடும்.

கந்தளாய்ப் பெடியன் | திங்கள் இரவு 8.50

ரீச்சர், நீங்கள் சொன்னதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. 1986 சித்திரை 20, கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த நாள். எங்கள் அம்மம்மா தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். நான் சின்னப் பிள்ளையாக அதன்கீழ் நின்று என் உயரத்தை அளப்பேன். கோடு எப்போதும் எனக்கு மேலே. எனக்குக் கலியாணம் பேசினபோது வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம், கோடு போய்விட்டது. ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. எத்தனை அடி என்று இப்போது கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு உயரம் காட்டுகிறார்கள்.

சரி, நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். எங்கே கொடுத்தாலும் கொடுங்கள், தச்சருக்கு மட்டும் கொடுக்காதீர்கள்.

கோட்டையடி | திங்கள் இரவு 9.30

சொல்லும் ஒரு நூதனசாலைதான். உங்கள் தலைப்பிலேயே லாச்சி. அது டச்சுச் சொல். அலுவலகத்தைச் சொல்லும் கந்தோரும் அப்படித்தான். உங்கள் அப்பாவுக்கு அந்தத் தம்பி போட்ட கதிரை போர்த்துக்கீசம். அவர் சாய்ந்து நின்ற யன்னலும் போர்த்துக்கீசம். காலையில் தின்ற பாண், காலில் போட்ட சப்பாத்து இரண்டும் அதேதான். கடையில் நிறுத்த இறாத்தல் அரபு நாட்டு வணிகரோடு வந்த சொல். நூற்றுப் பன்னிரண்டு இறாத்தல் ஓர் அந்தர் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. சண்டை பிடித்தவர்கள் கோட்டையில் இருந்தார்கள், அவர்களின் சொல்லெல்லாம் சந்தைக்கு வந்து எங்களோடு தங்கிவிட்டது. ஆகவே அந்தக் கட்டிடத்தை அந்நியரின் வரலாறு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

வடகடல் | செவ்வாய் அதிகாலை 3.20

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கிறேன். நேரவித்தியாசத்தை மன்னிக்கவும்.

எங்கள் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் போர்க்கப்பல் நிற்கிறது. பெயர் 'திருகோணமலை'. ஆங்கில உச்சரிப்பில்தான், ஆனால் எங்கள் ஊர்ப் பெயர். கோட்டையடி சொன்ன அதே 1782 இல் திருகோணமலைக் கடலில் நடந்த சண்டையின் நினைவாக வைத்த பெயர். 1817 இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டினார்கள். இன்றைக்கும் தண்ணீரில் மிதக்கிறது. முதல் தடவை அதற்குள் போனபோது தளத்துப் பலகையைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஊரை விட்டு முப்பது வருடம். என் ஊர்ப் பெயரைப் பொறித்த ஒரு பொருளை இங்கே இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே என்று கண் கலங்கிவிட்டது.

அந்தக் கப்பலைத் திருத்தி எடுக்கவே பத்து வருடத்துக்கு மேல் சென்றது, 2001 இல் முடித்தார்கள். ஒரு சண்டையின் பெயருக்கே இவ்வளவு என்றால், அந்த ஊர்ச் சந்தையின் லாச்சிக்கு நாங்கள் ஒரு மூலை தேடிக்கொடுக்கக் கூடாதா? ஏற்றியிறக்கும் செலவு ஏதும் என்றால் சொல்லுங்கள், நான் தருகிறேன்.

வில்லூன்றி | செவ்வாய் காலை 7.45

கொடுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, என் சொந்த அனுபவம். பல வருடத்துக்கு முன் எங்கள் தாத்தாவின் பழைய துறைமுகப் படங்களை ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். கண்காட்சி முடிந்ததும் தருவோம் என்றார்கள். வாய்ச்சொல்தான், எழுத்தில் எதுவும் இல்லை. அதிகாரி மாறினார், படங்களைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பதினொரு படங்கள். அம்மா இன்றைக்கும் அவற்றைப் பற்றிக் கேட்பார்.

ஆகவே தம்பி: எங்கே கொடுத்தாலும் முன், பின், அடி எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். நீளம் அகலம் எழுதுங்கள். நிரந்தரமாகவா இரவலாகவா என்று கடிதத்தில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டவரின் கையெழுத்து, பதவி முத்திரை, திகதி வாங்குங்கள். காசுக்குத் தனிக் கடிதம். நல்ல மனதோடு கேட்பவர்களும் இதற்குக் கோபிக்கமாட்டார்கள்.

உப்புவெளிக்காரன் | வியாழன் இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் எழுத நேரம் கிடைக்கவில்லை.

ரீச்சர் சொன்னபடி செவ்வாய் இரவு கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அப்பாவைக் கதைக்கவிட்டேன். ஐம்பது நிமிடம். மூதூர் நானா, கடன் கொப்பி இருந்ததா என்று நீங்கள் கேட்டதை வாசித்துக் காட்டினேன். அப்பா எழும்பிப் போய் சாமி அறை அலுமாரிக்கு மேலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினார். எனக்கே தெரியாது. 1990 இல் இடம்பெயர்ந்தபோது மற்றதெல்லாம் போய்விட்டது, இந்த மூன்று கொப்பி மட்டும் அம்மாவின் சேலையோடு வந்திருக்கிறது.

நீட்டுக் கொப்பி. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. ஆளின் பெயருக்குப் பதிலாகப் பல இடங்களில் "லோஞ்ச்காரர் மருமகன்", "தயிர் அக்கா", "கங்கைப் பாதையடி" என்றுதான் இருக்கிறது. சாமான், அளவு, காசு. கட்டி முடித்த பக்கத்தில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. மாசி, பங்குனியில் கோடுகள் நிறைய. அது பெரும்போக அறுவடை. கோடு விழாத பக்கங்களும் இருக்கின்றன. அப்பா அந்தப் பக்கங்களைக் கைபேசிக்கு முன்னால் வாசிக்கவில்லை, விரலால் மூடிக்கொண்டு அடுத்ததைத் திருப்பினார்.

முடிவு இதுதான். லாச்சியை அப்பா நூதனசாலைக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். வில்லூன்றி அண்ணை சொன்ன மாதிரிக் கடிதம் எழுதிக் கேட்கப் போகிறோம். அவர்களுக்கு இடமில்லை என்றால் ரீச்சரின் பாடசாலைக்கு. தேய்ந்த குழியைப் பற்றி நாலு வரி அப்பாவே சொல்ல, நான் எழுதி அதோடு ஒட்டிக் கொடுப்பேன். காசைக் கோட்டையடி அண்ணையிடம் காட்டிவிட்டு மற்றதை யோசிப்போம், படம் கீழே இணைக்கிறேன். கொப்பி மட்டும் வீட்டில் இருக்கும். "கடன்பட்டவன்ர பேரைச் சனத்துக்குக் காட்டக்கூடாது" என்றார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. சிவப்புக் கோடு போட்ட பக்கங்களில் பெயரை மறைத்துச் சிலவற்றைப் படம் எடுத்துத் தருவதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார்.

மூதூர் நானா, உங்கள் வாப்பாவை லோஞ்சில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். அப்பா கேட்கச் சொன்னார்.

ரீச்சர், அடுத்த தடவை பிள்ளைகளைக் கோட்டை வாசலுக்குக் கூட்டிப்போகும்போது சொல்லுங்கள். அப்பாவும் வருகிறாராம். அந்தக் கல்லை வெளிச்சம் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்கிறார்.